கண்ணில் சந்தனம் பூசிய அணை

வெண்கோட்டு நாடாளும் மாமன்னர் திருவடி போற்றி, தலைமை அமைச்சர் கீரன் பெருஞ்சாத்தனார் வடகரைக் கோட்டத்து ஆளுநர் வீரசேகர முனையதரையருக்கு விடுத்த ஓலை. தங்கள் கோட்டத்தில் மழை பிழையாதிருக்க, ஆநிரை பெருக, குடிகள் நலமுறுக. தங்களையும் வாழ்த்த அமைச்சர் முயன்றார், வாய் வரவில்லை.

வடகரையில் புதிய அணை எழுப்பத் தொடங்கியபோது, கடல் கடந்த தச்சர் கொணர்ந்த கருவிகளை மன்னர் தங்களிடம் நம்பி அளித்தார். உயரே பறந்து விரிசல் தேடும் பறக்கும் கண்ணும், அது கண்டதை அப்படியே காட்டும் ஒளித்திரையும் அவற்றுள் அடங்கும். நீர் கசிந்தால் ஓலமிடும் உணரிகளைச் சுவருக்குள்ளேயே புதைத்துக் கட்டினர்.

நேற்று அமைச்சர் முன்னறிவிப்பின்றி வந்தார். ஒளித்திரையின் முன் தங்கள் அதிகாரிகள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தனர். திரை முழுதும் மஞ்சளாய்க் கிடந்தது. அணை எங்கே என்று அமைச்சர் வினவ, மஞ்சள் மங்கல நிறமாதலால் அணை நலமென்றே நாள்தோறும் எழுதி வருவதாக விடை பகர்ந்தனர். பறக்கும் கண்ணை இறக்கிப் பார்த்தால், ஆயுத பூசையன்று அதன் கண்ணாடியில் அப்பிய சந்தனமும் குங்குமமும் பொருக்குத் தட்டியிருந்தன. துடைத்தால் தெய்வக் குற்றமாம். த்தூ! சாமி பெயரைச் சொல்லிச் சோம்பலை வளர்க்கும் கூட்டம்!

அமைச்சர் தம் மேலாடையாலேயே அதைத் துடைத்துப் பறக்கவிட்டார். அணையின் இடத்தோளில் கை நுழையுமளவு விரிசலும், அதில் ஈரமும் திரையில் தெரிந்தன. உணரிகள் ஏன் ஓலமிடவில்லை என்று கேட்டதற்கு, அவை அலறியதாகவும், திறப்பு விழாவுக்கு நாகசுரம் பழகுகையில் சுருதி கெடுகிறதென்று தாங்களே அவற்றின் வாயை அடைக்கச் சொன்னதாகவும் தலைகுனிந்து உரைத்தனர். மடமையையாவது மன்னிக்கலாம். இதைக் கேட்டபின் அமைச்சர் தங்கள் அரண்மனை அனுப்பிய விருந்தைத் தொடாமல் திருப்பிவிட்டார்.

அணைக்கு நேர் கீழே தாழ்குடி என்னும் ஊர் இருப்பது தங்களுக்கு நினைவிருக்கலாம். அங்கிருந்து வந்த குயத்தி கொற்றி அழுதவாறு கூறியது இது: "சூளைக் குழியில தண்ணி ஊறுதுங்க. சொல்லப் போனா, திரையில ஒண்ணும் தெரியல, போம்மான்னு வெரட்டுறாங்க. புள்ளைங்கள இழுத்துக்கிட்டு நாங்க எங்கய்யா போவோம்?" முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டதுண்டு, ஓர் ஊரையே மறைக்கத் துணிந்தவரை அமைச்சர் இப்போதுதான் காண்கிறார்.

ஆகவே மாமன்னர் ஆணையாவது: திறப்பு விழா நின்றது. மதகுகளைப் படைவீரர் திறந்துவிட்டனர். நீர் வடிய நாளாகும், விரிசலோ அதுவரை பொறுக்குமென்று எவரும் உறுதி சொல்வதற்கில்லை. அடைத்த உணரிகளின் வாய் இன்றே திறக்கப்படும். அவற்றின் ஓலம் தங்கள் பள்ளியறைக்குள் கேட்குமாறு கம்பி இழுக்கப்படும். அவ்வட்டாரத்தில் மேட்டில் நிற்பது தங்கள் மாளிகை ஒன்றே என்பதால், தாழ்குடி மக்கள் ஆடு மாடுகளோடும் அடுப்புச் சட்டிகளோடும் இவ்வோலை கொண்டுவருபவன் பின்னேயே புறப்பட்டுவிட்டனர்.

கலப்பை முத்திரை பொறித்து, அரக்கு வைத்து, அமைச்சர் தம் கையாலேயே கட்டிய ஓலை இது. வாசித்து முடித்ததும் வாயிற்கதவைத் திறந்துவிட்டு விலகி நிற்க. கொற்றியின் பிள்ளைகள் முதலில் வருவார்கள்.