இரண்டு கைப்பிடி மதகு

ஆகஸ்ட் 12, 1958

ஆபீஸ் கொல்லையில் வாய்க்காலின் சிறு மாதிரி ஒன்றைக் கட்டி முடித்தோம். களிமண்ணும் சிமெண்டும். ஆற்றிலிருந்து கடல் முகம் வரைக்கும், நடுவில் வரிச்சிக்குடிப் பக்கம் வரப்போகும் புது மதகு. குடம் குடமாக ஊற்றினோம், ஒழுங்காக ஓடியது. மேலதிகாரி கைலாசநாதன் சாருக்கு ஏக சந்தோஷம். "இரும்புப் பலகை, ஒரு திருகு, ஒரு பூட்டு. நம்ம காவலாள் ஒருத்தர் போதும் கமாலுதீன். ஊர்க்காரங்க கையே படக்கூடாது."

எனக்குத்தான் உறுத்தல். இந்த மாதிரியில் தண்ணீர் இருக்கிறது. ஆள் எங்கே?

ஆகஸ்ட் 19

பழைய மரப்பலகை மதகைப் போய்ப் பார்த்தேன். மேட்டு வயல்காரருக்குத் தண்ணீர் தேங்க வேண்டும், எதிர்க்கரைப் பள்ள வயல்காரருக்கு வடிய வேண்டும். பலகையின் இரண்டு முனையையும் இரண்டு கரை ஆளும் பிடித்தால்தான் எழும்பும். எவ்வளவு தூக்குவது என்று முதலில் பேசியாக வேண்டும். பேச்சில் பாதி ஏச்சு. ஆனாலும் திறக்கிறார்கள்.

ஆகஸ்ட் 23

மேட்டு வயல் குஞ்சிதபாதத்தையும் பள்ள வயல் சேக் பரீதையும் கொல்லைக்கு அழைத்து வந்தேன். குமாஸ்தா கையில் சாவி, அவருக்குக் காவலாள் வேஷம். மழை என்று சொல்லி ஊற்றினேன். இருவரும் ஒருவரோடொருவர் பேசவே இல்லை, குமாஸ்தாவைப் பிடித்துக்கொண்டார்கள். "மேலே கேட்டுச் சொல்றேங்க" என்றார், பாவம். அதற்குள் மாதிரியில் பள்ள வயல் முழுகிவிட்டது.

சாவியைப் பிடுங்கிக்கொண்டு, பலகைக்கு இரு பக்கமும் கம்பி வைத்து, ஆளுக்கொன்றைப் பிடிக்கச் சொல்லி மறுபடி ஊற்றினேன். "அரைச் சாண் விடுங்க பாய்." "அரை பத்தாதுங்க." சுருக்கத் திறந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 25

புது வரைபடம் கொடுத்தேன். கரைக்கு ஒரு கைப்பிடி, இரண்டையும் சேர்ந்து சுற்றினால்தான் பலகை ஏறும். சார் சிரித்தார். "ஒரு ஆள் செய்யுற வேலைய ரெண்டு ஆள் செய்யுற மாதிரி ஆக்குன ஒரே இன்ஜினியர் நீங்கதான்யா."

"அதுதான் சார் வேணும்."

பூட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார். போடவில்லை.

ஆகஸ்ட் 30

மெமோ. கையெழுத்துப் போடாவிட்டால் தூரத்து ஏனாமுக்கு மாற்றிவிடுவார்களாம். மாத்தட்டுமே! என் மனைவி ஷரீபுன்னிசா, "ஒரு கையெழுத்துதானே மச்சான்?" என்றாள். பள்ள வயல் முழுகிய கதையைச் சொன்னேன். "அப்பப் போடாதீங்க" என்றாள்.

செப்டம்பர் 2

மாதிரியை இடிக்கச் சார் அனுப்பிய ஆட்கள் வந்தார்கள். வாய்க்கால் குறுக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 3

இன்றும் நாற்காலி. சாரே வந்தார். "எந்திரிங்க." ஒரு தடவை நீங்கள் காவலாளாக நில்லுங்கள், பிறகு நானே இடிக்கிறேன் என்றேன். முறைத்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டார். குஞ்சிதபாதத்தையும் சேக் பரீதையும் வரவழைத்து ஊற்றினேன். ஆளுக்கொரு பக்கம் நின்று சாரிடம் கத்தினார்கள். தண்ணீர் கரை மீறி அவர் பூட்ஸுக்குள் போனது.

"ஏன்யா, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டாத்தான் என்ன?" என்றார் சார்.

சொன்னவுடன் அவரே நிறுத்திக்கொண்டார். நான் இரண்டு கம்பிகளையும் எடுத்துப் பலகைக்கு இரு பக்கமும் வைத்தேன்.

செப்டம்பர் 11

இரண்டு கைப்பிடி வரைபடம் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டது, சார் கையெழுத்தோடு. என் பெயர் அதில் இல்லை. ஏனாம் உத்தரவும் வந்துவிட்டது. வலிக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஷரீபுன்னிசா பாத்திரங்களைக் கட்டுகிறாள். நான் முதலில் எடுத்து வைத்தது வாய்க்கால் மாதிரியைக் கட்டிய கொத்துக்கரண்டியை. ஏனாம் ஆபீசுக்கும் ஒரு கொல்லை இருக்கும்.