மேப்பிளுக்குச் சுண்ணாம்பு பூசிவிட்டேன், மச்சாள்

அன்பு மச்சாளுக்கு,

நீங்கள் இருக்கும் இடத்தில் வெயில் குறைவாக இருக்கட்டும். இங்கே நீர்வேலியில் கொளுத்துகிறது. உங்கள் ஜப்பான் மேப்பிளைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நுவரெலியாவில் அதை வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? குளிருக்கு அண்ணையின் சாரத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றேன் நான். முழங்கால் உயரச் சிவப்பு மரத்தைக் கண்டு நீங்கள் நகரவே இல்லை.

"இது குள்ள இனமாம். இதுக்கு மேலை வளராதாம்."

"உங்களைப் போலை எண்டு சொல்லுங்கோ."

பஸ்ஸில் எனக்குக் கிள்ளுத்தான் கிடைத்தது. சரி, நான் எங்கேயோ போகிறேன்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு உங்கள் அவர், என் அண்ணை, யாரோடும் கதைப்பதில்லை. விடிந்ததும் கிணற்றடி நிழலில் மேப்பிள் நிற்கும் பூச்சாடிக்குப் பக்கத்தில் போய் இருப்பார். இலைகளைத் தொட்டுப் பார்ப்பார். பிறகுதான் தேத்தண்ணீர். அந்த மரமும் போய்விட்டால் எதற்காக எழும்புவார்?

அதற்குத்தான் நான் வினை வைத்தேன். கறையான் ஏறாமல் தென்னைகளின் அடியில் சுண்ணாம்பு பூசினேன். வாளியில் மிச்சம் இருந்தது. சின்னதுக்கும் நல்லதுதானே என்று மேப்பிளுக்கும் பூசி, வாளி கழுவிய தண்ணீரையும் சாடிக்குள் ஊற்றினேன். கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதல், இதற்கு ஆகாது என்று தொட்டியில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்து ஊற்றியவர் நீங்கள். இலை ஓரம் கருகத் தொடங்கிய பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

அண்ணை வெயில் என்று நினைத்துக் தென்னங்கிடுகால் நிழல் கட்டினார். நான் செய்ததை ஒன்பது நாள் மறைத்தேன். நேற்றுக் கடைசி இலையும் விழ, சொல்லிவிட்டேன்.

"எடி விசரி! உது என்ன தென்னையே?"

"கறையான் அரிச்சுப்போடும் எண்டு..."

"கறையான் அரிச்சது உன்ரை மூளையை!"

நீங்கள் போன பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான். அழுதேனா, சிரித்தேனா, எனக்கே தெரியவில்லை. பிறகு இருவருமாக மரத்தைத் தூக்கி, மழைத் தண்ணீரில் வேரைக் கழுவி, தென்னந்தும்புத்தூளும் உக்கின இலையும் போட்டுப் புதுச் சாடியில் வைத்தோம். அண்ணை நகத்தால் கொப்புகளைச் சுரண்டிப் பார்த்தார். மேலே எல்லாம் காய்ந்துவிட்டது. அடிக்கொப்பு ஒன்றில் மட்டும் கொஞ்சம் பச்சை.

"பொறுத்துப் பாப்பம்" என்றார். எத்தனை நாள் பொறுப்பது, மச்சாள்?

இன்று காலையில் அவராகவே என்னைக் கேட்டார்.

"தொட்டியிலை எவ்வளவு தண்ணி கிடக்கு?"

"அரைவாசி, அண்ணை."

மாரி மழைக்கு இன்னும் எத்தனையோ மாதம் கிடக்கிறது.

அந்தத் தண்ணீரில் ஒரு சிரட்டைகூட வேறொன்றுக்கும் எடுக்க விடமாட்டேன். தளிர் வந்தால் எழுதுவேன். வராவிட்டால் ஒரு நாள்கூட மறைக்கமாட்டேன். முதலில் அண்ணைக்குச் சொல்லி, அவர் பக்கத்திலேயே இருந்து, பிறகு உங்களுக்கு எழுதுவேன்.

அண்ணையைப் பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் மச்சாள்,
பூமணி