கழுவிய வீடு

நவ. 4, செவ்வாய். காலையிலிருந்து தூறல்.

இன்று சொல்லாமல் விட்டது: இறந்த அப்பாவை ஏற்றிய வண்டி தெருமுனை திரும்புவதற்குள் நாங்களும் வீட்டைக் கழுவினோம். வாளியோடு நின்றது நான்தான்.

டி.எஸ்.பி. நேராகவே கேட்டார். "ஏம்மா, இது வேணும்னே கழுவுனதுதானே?"

"கழுவியிருக்கு சார். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

ஓடைப்பட்டி. திராட்சைத் தோட்டத்துக்குள் வீடு. இறந்தவள் ரம்யா, வயது இருபத்து மூன்று. கல்யாணமாகி இரண்டு வருடம். திராட்சைக்கு அடிக்கிற மருந்தைக் குடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக் குறிப்பு: கொண்டுவரும்போதே உயிரில்லை. கணவன் நேற்று ஊரில் இல்லை. வீட்டில் மாமியார் மட்டும்.

மாமியார் சொல்வது: தோட்டத்து மோட்டார் ரூமில் விழுந்து கிடந்தாள், தாமதமாகத்தான் பார்த்தேன். ரம்யாவின் அண்ணன் சொல்வது: அடுப்படியில், அந்த அம்மா கண் முன்னால்தான் விழுந்தாள், அப்படியே கிடக்க விட்டார்கள்.

அடுப்படியா, மோட்டார் ரூமா. தடயம் எடுக்க எங்களைக் கூப்பிட்டது இதற்குத்தான்.

போய்ச் சேரும்போது அடுப்படி, பட்டாசாலை, வாசல் எல்லாம் கழுவி முடித்து பினாயில் வாடை. போட்டோ எடுக்கும் டேனியல் அண்ணன் கேமராவைத் துடைத்துக்கொண்டே, "நம்மளக் கூப்புடுறதுக்குள்ள கோலமும் போட்டு முடிச்சிருவாக போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவரும்.

மாமியாருக்கு ஐம்பது இருக்கும். அழுது வீங்கின முகம். "சாவு விழுந்த வீட்டக் கழுவாம போட்டு வைப்பாகளா ஆத்தா? நீயும் இங்கிட்டுப் பிள்ளதான, சொல்லு." நான் பஞ்சுக் குச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எடுத்தவை: மருந்துக் குப்பி (மோட்டார் ரூம், கால்வாசி மீதி). துடைப்பம், ஈரம். அடுப்படித் தரை இடுக்கில் பஞ்சு ஒற்றியது, நான்கு. தண்ணீர் வெளியேறும் துளைக்கு வெளியே மண். மோட்டார் ரூமில் வாந்தித் தடம் இல்லை. ஆனால் கூரை ஒழுகித் தரையெல்லாம் தண்ணீர்.

துப்பறியும் கதைகளில் தரை எப்போதும் காய்ந்தே இருக்கிறது.

நவ. 5, புதன்.

முழு நாளும் பொட்டலம் கட்டுவது, அரக்கு வைப்பது. விரலில் சூடு. கூரியர் ஆள் வரவில்லை. குடை எங்கோ விட்டாயிற்று.

மதியம் ரம்யாவின் அண்ணன் அலுவலக வாசலில், கையில் ஹெல்மெட்டோடு. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை.

"எங்க பாப்பா எங்கன கெடந்தான்னு மட்டும் சொல்லுங்க மேடம்."

"ரிசல்ட் வரணும்ணே."

"அன்னைக்குக் காலைல பத்தரைக்கு எனக்குப் போன் போட்டா. வயிறு எரியுதுண்ணேன்னா. பின்னாடி மிக்ஸி ஓடுது மேடம். மோட்டார் ரூம்ல ஏது மிக்ஸி? ஆம்புலன்ஸுக்குச் சொன்னதே நான்தான், திருப்பூர்ல இருந்து."

டி.எஸ்.பி.யிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். சொன்னாராம். சத்தத்துக்கு ஏது சாட்சி என்றார்களாம்.

"வீட்டக் கழுவுன வேகத்துல எங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் போனார்.

நவ. 6, வியாழன். வெயில்.

டேனியல் அண்ணன் கொண்டுவந்த செய்தி: தடயத்தை அழித்ததாக அந்த அம்மாவை நாளைக்கு உள்ளே வைக்கப் போகிறார்கள். அதற்குக் காட்டப்போவது நான் எழுதிய 'தரை கழுவப்பட்டிருந்தது'.

என் அம்மா செய்ததைத்தான் அவரும் செய்தார். மிக்ஸி ஓட அவளைக் கிடக்க விட்டது வேறு, கழுவியது வேறு. முன்னதற்குத் தண்டனை வேண்டுமென்றால் அதை நிரூபிக்கட்டும். இப்படியே காலையிலிருந்து எனக்குள் வாதம்.

டி.எஸ்.பி.க்கு ஒரு பக்கக் கடிதம். இறந்தவரை எடுத்துச் சென்றதும் வீட்டைக் கழுவுவது இந்தப் பக்கத்து வழக்கம், அதை மட்டும் வைத்து உள்நோக்கம் கற்பிக்க முடியாது.

"எழுதாத தாயி," என்றார் டேனியல் அண்ணன். "என்ன கெடந்துச்சுன்னு எழுதுறதுதான் நம்ம சோலி. ஏன்னு எழுதப் போனா மாட்டிக்கிருவ."

அனுப்பிவிட்டேன். செவ்வாய்க்குப் பிறகு இன்றுதான் பசித்துச் சாப்பிட்டது. இரண்டு முட்டைப் பரோட்டா.

நவ. 8, சனி.

ரம்யாவின் துணிகளை வாங்க ஆஸ்பத்திரிக்கு. பச்சைச் சுடிதார். அடுப்படியில் கை துடைத்த மஞ்சள்பொடிக் கறை.

டீக்கடையில் அன்றைய ஆம்புலன்ஸ் உதவியாளர். அவராகவே பேச்சைத் தொடங்கினார்.

"ஏத்துனப்ப முழிச்சுத்தான் இருந்துச்சு மேடம். தண்ணி கேட்டுச்சு. சின்னமனூர் தாண்டித்தான் உசுரு அடங்குச்சு."

கொண்டுவரும்போதே உயிரில்லை என்றால் வீட்டிலேயே போய்விட்டதாகத்தான் நினைத்திருந்தேன்.

"கோயில் வளைவு வரைக்கும் போயிட்டோம். ஆதார் கார்டு வாங்கலன்னு திரும்ப வீட்டுக்கு விட்டோம். ரெண்டு நிமிசம் இருக்குமா? அதுக்குள்ள அந்தம்மா சேலையத் தூக்கிச் சொருகி வாசல் வரைக்கும் தண்ணி ஊத்திக்கிட்டு நிக்கிறாக. பின்கதவத் தெறந்தேன்ல, அந்தப் பிள்ளயும் பாத்துச்சு."

"ஏதாவது சொன்னாளா?"

"அதுக்கப்பறம் தண்ணி கேக்கல."

டீயைப் பாதியில் வைத்தார். "நான் சொன்னேன்னு எழுதிராதீக மேடம். கோர்ட்டுக்கு அலைய நமக்கு ஏலாது."

உயிரோடு ஒருத்தியை ஏற்றி அனுப்பிவிட்டுக் கழுவுவது எங்கள் வழக்கமில்லை. எந்த வீட்டிலும் இல்லை.

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது கடிதம். அவர் பெயரைப் போட்டேன். அவர் கேட்டுக்கொண்டதை மீறித்தான்.

நவ. 12, புதன். மறுபடி மழை.

டி.எஸ்.பி. போனில். "ஆம்புலன்ஸ் ஷீட்ல ஏத்துனப்ப நாடித்துடிப்பு இருந்ததா எழுதியிருக்கும்மா, அது சரிதான். ஆனா வீடு கழுவுனத நான் பாக்கவே இல்லங்கிறான் அவன். சாவு சேதி போன்ல வந்தப்பறந்தான் கழுவுனேன்னு அந்தம்மா சொல்லுது. செத்தா கழுவுறது வழக்கம்னு நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க."

"அந்த முதல் லெட்டர திருப்பி வாங்கிக்கலாமா சார்?"

"கோப்புல நம்பர் போட்டாச்சும்மா."

டேனியல் அண்ணனிடம் சொன்னேன். தன் டப்பாவிலிருந்து பாதி எலுமிச்சைச் சோற்றை என் பக்கம் தள்ளினார்.

ஆம்புலன்ஸ்காரர் எதிரில் வந்தார், பார்க்காததுபோல் போய்விட்டார். நியாயம்.

பிப். 20, வெள்ளி.

ஆய்வு முடிவு வந்தது. தரை இடுக்கில் பினாயில் மட்டும். வெளி மண்ணில் மருந்து இருக்கிறது. திராட்சைத் தோட்டத்து மண்ணில் எங்கே எடுத்தாலும் இருக்கும் என்று அதன் கீழேயே ஒரு வரி.

இறுதி அறிக்கை: தற்கொலை, இடம் மோட்டார் ரூம். தடயம் அழித்த பிரிவு நீக்கப்பட்டது. காரணமாக என் முதல் கடிதம். மாமியார் மூன்றாம் சாட்சி.