பெருமாள் அறைக்கு மேலே

வேதா,

டிகாக்‌ஷன் இறக்கி வைத்திருக்கிறேன், பாலும் காய்ச்சியாயிற்று. பத்து மணிக்குப் பிளம்பர் ஆரோக்கியராஜ் வருவார். அவருக்குக் காபி கொடு, மாடித் தரையை உடைக்க மட்டும் விடாதே. மாடிச் சாவியை நானே எடுத்துப்போகிறேன்.

நேற்று பெருமாள் அறையில் கோலம் போட்டுக்கொண்டே, "ஏன்னா, மாடியை ஃப்ளாட் ஆக்கறாளே, பாத்ரூம் எந்தப் பக்கம் வரது?" என்று கேட்டாய். கொல்லைப் பக்கம் என்றேன். அது பொய். நேராக உன் தலைக்கு மேலே, பெருமாளுக்கும் மேலே வருகிறது. "குழாய் நேரா இறங்கிடும் சார்" என்று இன்ஜினியர் சொன்னபோதே எனக்குப் புரிந்தது. நம் பிள்ளை கோவிந்தும் மாட்டுப்பெண்ணும் மாடிக்குக் குடிவந்தாலும், அங்கே கொல்லைப் பக்க அறை என் புத்தகங்களுக்கு என்று நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன். அதனால் வாயைத் திறக்கவில்லை.

நீ, "அப்பாடா, நூறு வருஷமா பெருமாள் இருக்கற இடம்" என்று சொல்லிக் கோலத்தை முடித்தாய். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றதும் பொய்தான்.

பிளானை மாற்றச் சொல்ல இன்ஜினியரைப் பார்க்கத் தில்லை நகர் போகிறேன். பாத்ரூம் கொல்லைப் பக்கமே வரட்டும். புத்தகங்கள் கூடத்திலேயே இருக்கட்டும், இனி தூசி நான் தட்டுகிறேன்.

இதை நேரில் சொல்லியிருக்க வேண்டும். நீ கோயிலிலிருந்து திரும்புவதற்குள் கிளம்புகிறேன்.

மதுசூதன்

கோவிந்தைத் திட்டாதே, அவனுக்கு எதுவும் தெரியாது.

பெருமாளுக்கு இன்னும் விளக்கேற்றவில்லை. நிலைப்படி வரை போய்த் திரும்பிவிட்டேன். நீயே ஏற்று.