மரத் துவக்கும் ஒரு வரிக் கடிதமும்

மார்ச் 3, திங்கள்
காலையிலிருந்து உறைமழை. கார்க் கண்ணாடி சுரண்ட இருபது நிமிடம். லோயரிடமிருந்து போன் இல்லை. ஏழு தரம் பார்த்துவிட்டேன்.

பொலிஸ் தரவேண்டிய நட்டஈட்டுக்கு அவர் கேட்ட பட்டியல், இழந்தவை:
– பள்ளி பஸ் ஓட்டும் வேலை
– இரண்டு நாள் மறியல், கம்பிக்குப் பின்னால்
– வழக்கு நடந்த ஒன்பது மாதம்
– மனைவி வசந்தியின் சிநேகிதி வீட்டுக் கலியாணம். எங்களுக்கு மட்டும் கார்ட் வரவில்லை.
கடைசியை எங்கே எழுதுவது? படிவத்தில் இடம் சின்னன்.

மார்ச் 4, செவ்வாய்
நித்திரை இல்லை. வாங்க: வெங்காயம், பால்.

திரும்பத் திரும்ப அந்த மல்வேர்ன் பிளாசா பார்க்கிங்தான். எங்கள் ஊர்ச்சங்க நாடகத்துக்கு நான் செய்த மரத் துவக்கு, அசல் துப்பாக்கி மாதிரித் தெரியச் சப்பாத்துப் பொலிஷ் பூசினது. வான் வண்டியில் ஏற்றும்போது யாரோ பார்த்துப் பொலிசுக்குப் போன் அடித்துவிட்டார்கள்.
"உன்னுடையதா?" "யெஸ் சேர்."
"ஆட்களை வெருட்டவா?" "யெஸ் சேர்."
ஊரில் சோதனைச் சாவடியில் பழகின வாய். ஆமி எதைக் கேட்டாலும் ஓம் என்றால்தான் வீட்டுக்கு விடுவான். இங்கே அதைக் குற்ற ஒப்புதலாக எழுதிவிட்டார்கள். மடையன் நான். அது நாடகச் சாமான் என்று நிரூபிக்கத்தான் அந்த ஒன்பது மாதம்.

மார்ச் 6, வியாழன்
லோயர் எடுத்தார். இங்கே பிறந்த பிள்ளை. "அங்கிள், ஒஃபர் வந்திட்டுது. நல்ல அமௌண்ட். பட், பிழை விட்டதெண்டு பொலிஸ் ஆட்கள் எழுதித் தரமாட்டினம். நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்கோ."

நான் கேட்டது ஒரு வரி. "இவர் குற்றம் செய்யவில்லை, பிழை எங்களுடையது." பஸ் கம்பனிக்குக் காட்ட.

வசந்தி: "கையெழுத்தைப் போட்டுட்டு வாங்கோ. எனக்கு இனி ஏலாது."
அவளிலும் பிழையில்லை. என்னால் இரண்டு வேலைக்குப் போகிறாள். ஆனாலும் கோபம் வந்தது. தேத்தண்ணி போட்டேன், குடிக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி
வெயில், கடும் குளிர். வசந்தியும் நானும் பத்தே முக்காலுக்கே போய்விட்டோம். எதிரே பொலிஸ் தரப்பு லோயர், நல்ல சிரிப்பு.
"வாசித்தீர்களா?" "யெஸ் சேர்."
"பணம் சம்மதமா?" "யெஸ் சேர்."
"அப்படியென்றால் கடிதம் தேவையில்லை, சரிதானே?"
வாய் தன்பாட்டில் திறந்தது. மேசைக்குக் கீழே வசந்தி என் முழங்காலை அமத்தினாள். கையெழுத்துப் போடச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.
"நோ சேர்."
சிரிப்பு நின்றது. நான் வசந்தியைப் பார்க்கப் பயந்து மேசையைப் பார்த்தேன். அவள் எங்கள் லோயரிடம் சொன்னாள்: "கடிதத்தைத் தரச் சொல்லுங்கோ, பிள்ளை. அது வரும்வரை நாங்கள் இருக்கிறம்."

வெங்காயம் இன்றும் வாங்கவில்லை.