வென்றவர் என் அக்கா நியோமா

அனுப்புநர்:
லவேடா ஸ்டாம்பர் (வயது 66),
ஓய்வுபெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
ஃபெரி சாலை, கோல்டர்ஸ் லேண்டிங்,
கென்டக்கி மாநிலம்.

பெறுநர்:
முதன்மை அலுவலர்,
வெளிமாநிலத்தவர் வருமான வரிப் பிரிவு,
மாநில வருவாய்த் துறை.

பொருள்: 09.06.2022 அன்று தங்கள் மாநிலத்துக் கேசினோ ஒன்றில் கிடைத்த 9,640 டாலருக்கு வரி செலுத்துவதும், வென்றவர் என்ற இடத்தில் தவறாகப் பதிவான என் பெயரை நீக்கி, காலஞ்சென்ற என் அக்கா நியோமா ஹர்லியின் பெயரைப் பதியக் கோருவதும் தொடர்பாக.

பார்வை: 1. வரிப் படிவம் தாக்கல் செய்யவில்லை என்று எனக்கு வந்த தங்கள் அறிவிப்பு, நாள் 08.04.2024.
2. அக்கா பெயரில் நான் அனுப்பிய படிவத்தைத் திருப்பி அனுப்பிய தங்கள் கடிதம், நாள் 19.07.2024.

மதிப்பிற்குரிய அலுவலர் அவர்களுக்கு, வணக்கம்.

1. ஆற்றுக்கு இக்கரையில் எங்கள் ஊர், அக்கரையில் தங்கள் மாநிலம். பாலத்தைக் கடக்க நான்கு நிமிடம் ஆகும். முப்பத்தோரு ஆண்டுகள் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்ல முடியும். அந்த நான்கு நிமிடத்தில் வரிச் சட்டமும் மாறிவிடுகிறது என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. தெரியாததை மன்னிக்கும்படி இந்த மனுவில் நான் கேட்கவில்லை. வரி, வட்டி, தாமத அபராதம் மூன்றையும் சேர்த்து 387 டாலர் 12 சென்டுக்கான காசோலையை இத்துடன் இணைத்துள்ளேன். என் குறை வேறு.

2. நியோமா என்னைவிட ஆறு வயது மூத்தவர். சட்டைத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு ஆண்டுகள் காலர் தைத்தார். தொழிற்சாலை மூடப்பட்டபோது அவருடைய நுரையீரலும் ஏறக்குறைய மூடும் நிலையில் இருந்தது. கணவர் அதற்கு முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டார். கடைசி ஒன்பது ஆண்டுகள் அக்கா என் வீட்டில், சக்கர நாற்காலியில், மூக்கில் ஆக்சிஜன் குழாயுடன் இருந்தார். அரசு கொடுத்த உதவித்தொகையிலும் மருத்துவ அட்டையிலும்தான் அந்த ஆக்சிஜன் வந்தது. வாரம் மூன்று நாள் குளிப்பாட்ட வந்த பணிப்பெண்ணுக்கான சம்பளமும் அதிலிருந்துதான். கையிருப்பு இரண்டாயிரம் டாலரைத் தாண்டினால் இரண்டும் நின்றுபோகும் என்பது அந்த உதவியின் நிபந்தனை. அதை எங்கள் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தோம்.

3. மாதத்தில் ஒரு வியாழக்கிழமை முதியோர் சங்கத்தின் பேருந்து கேசினோவுக்குப் போகும். அக்கா இருபது டாலர் எடுத்துக்கொண்டு சூதாட்ட இயந்திரத்தில் விளையாடுவார். அது தீர்ந்ததும் சூப் குடித்துவிட்டு, ஜன்னல் வழியாக ஆற்றில் போகும் நிலக்கரிப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் விளையாடுவதில்லை. நாற்காலியைத் தள்ளப் போவேன்.

4. மேற்கண்ட நாளில் நான் காப்பி வாங்கிக்கொண்டு திரும்பியபோது, அக்காவின் இயந்திரத்தின் மேல் விளக்கு சுழன்றுகொண்டிருந்தது. சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். ஊழியர் ஒருவர் படிவம் செருகிய அட்டையுடன் வந்து, அக்காவைப் பார்த்துக் கேட்டார்: "யாரும்மா ஜெயிச்சது?"

அக்காவுக்கு ஒரு வார்த்தை பேசவும் முதலில் மூச்சைச் சேர்க்க வேண்டும். தலை சற்றுப் பின்னால் போகும், தோள் உயரும், பிறகுதான் குரல் வரும். அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அதை நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே, "நான்தான்" என்று சொன்னேன்.

அடையாள அட்டையைக் கொடுத்தேன். கையெழுத்திட்டேன். கூடியிருந்தவர்கள் எனக்குக் கைதட்டினார்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் என் தோளைத் தட்டி, "இன்னிக்கு உங்க நாள்மா" என்றார்.

5. சமையலறைச் சுவரில் இருந்த அந்த இரண்டாயிரத்தை நினைத்துத்தான் அப்படிச் சொன்னேன். அது உண்மை. ஆனால் சத்தியப் பிரமாணத்துடன் எழுதும் மனுவில் பாதி உண்மையோடு நிறுத்தக் கூடாது. அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. பெரியவர் தோளைத் தட்டியபோது நான் சிரித்தேன். அக்கா பக்கம் நான் திரும்பிப் பார்க்கவில்லை.

6. ஊருக்குள் வந்து, பேருந்திலிருந்து நாற்காலியை இறக்கும்போதுதான் அக்கா சொன்னார்: "அறுபத்தஞ்சு வருசத்துல ஒரே ஒரு தடவ ஜெயிச்சேன் லவேடா. அதுவும் உன் பேருல போயிடுச்சு."

நான் உதவித்தொகையைப் பற்றிச் சொன்னேன். மருத்துவ அட்டையைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் எனக்குத் தெரியாதா? கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன், உன் பேருல போடுன்னு. நீ கேக்கலையே."

வயதைத் திருத்தி எழுதுகிறேன். அப்போது அவருக்கு எழுபது. அறுபத்தைந்து என்று அவர் சொன்னது, அதற்குமேல் எண்ணுவதை நிறுத்திவிட்டதால். இதுவரை யாரும் அவரைத் திருத்தியதில்லை. நானும் இதைத் தவிர வேறெங்கும் திருத்த மாட்டேன்.

7. அந்தப் பணத்தில் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று நான் கேட்டபோது, ஊருக்கெல்லாம் மீன் வறுத்துப் போட வேண்டும் என்றார். தொழிற்சாலை மூடிய ஆண்டு தீயணைப்பு நிலைய மண்டபத்தில் அவருக்கும் மற்றப் பெண்களுக்கும் ஊர் சாப்பாடு போட்டதாம். அதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. ஜூலை மாதம் அதே மண்டபத்தில் நூற்று நாற்பது பேர் சாப்பிட்டார்கள். கெளுத்தி மீன், சோளமாவு உருண்டை, முட்டைக்கோஸ், கடைசியில் பீச் பழத்தில் செய்த இனிப்பு.

உதவித்தொகை அலுவலகத்தின் காதுக்குப் போய்விடும் என்ற பயத்தில், விருந்து கொடுப்பவள் நான் என்றே ஊருக்குச் சொல்லியிருந்தோம். இந்த முறை அக்காவைக் கேட்டுத்தான் செய்தேன். கேட்டுச் செய்தது எதையும் சரிசெய்யவில்லை. வந்தவர்கள் எல்லோரும் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள். கதவோரம் உட்கார்ந்திருந்த அக்காவிடம் குனிந்து, "உனக்கு நல்ல தங்கச்சி வாய்ச்சிருக்கா நியோமா" என்றார்கள். அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் பதில் சொன்னார்: "ஆமா. குடுத்து வச்சவ நான்."

அதில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

8. மீதிப் பணத்தில் சாய்ந்து தூங்கும் நாற்காலி ஒன்றும், குளிரூட்டும் பெட்டி ஒன்றும் வாங்கினோம். இரண்டும் அக்காவுக்காக வாங்கியவை. அந்த நாற்காலியில்தான் அவர் 2024 பிப்ரவரி 17 அன்று காலையில் உயிர் நீத்தார். நான் முட்டை பொரித்து எடுத்துக்கொண்டு வந்தேன். ஆக்சிஜன் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

9. ஏழு வாரம் கழித்துத் தங்கள் முதல் அறிவிப்பு வந்தது. நூலகத்தில் இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தரும் திரு. கார்லைல் ஹோப்ஸ் என்பவரிடம் எடுத்துச் சென்றேன். மத்திய அரசுக்கும் கென்டக்கிக்கும் அப்போதே என் பெயரில் கணக்குக் காட்டிவிட்டேனே என்றேன். அவர் பொறுமையாக விளக்கினார்: "வருமானம் எந்த மண்ணுல கிடைச்சுதோ, அந்த மாநிலத்துக்கும் படிவம் போடணும்மா. அங்க கட்டினத நம்ம ஊரு வரியில கழிச்சுக்குவாங்க. ரெண்டு தடவ பறிக்க மாட்டாங்க. நிரப்பித் தர்றேன், கையெழுத்துப் போடுங்க. பத்து நிமிச வேல."

படிவத்தில் என் பெயரை எழுதிவிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினார். அந்தக் கையெழுத்தை மறுபடியும் போட என்னால் முடியவில்லை. அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத நான் கேக்காத மாதிரியே வச்சுக்கலாம். உங்க பேருல கட்டினா இன்னியோட முடிஞ்சுடும். அவங்க பேருக்கு மாத்தணும்னா, அன்னிக்குப் பொய்க் கையெழுத்துப் போட்டேன்னு நீங்களே எழுதிக் குடுக்கணும். உதவித்தொகைய திருப்பிக் கேப்பாங்க. வழக்குகூட போடலாம். போனவங்களுக்கு இதுல என்னம்மா கிடைக்கப் போகுது?"

அவர் நல்லெண்ணத்தில்தான் கேட்டார். அக்காவின் சட்டப்படியான வாரிசு என்ற முறையில், அக்கா பெயரிலேயே வேறு படிவம் நிரப்பித் தரச் சொன்னேன். நிரப்பித் தந்தார்.

10. அந்தப் படிவம்தான் பார்வை 2-இல் கண்ட கடிதத்துடன் திரும்பி வந்தது. தங்கள் அலுவலகத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். பேசிய பெண் மரியாதையாகப் பேசினார், அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கணினியில் இரண்டு முறை தேடினார். பிறகு சொன்னார்: "அம்மா, நியோமா ஹர்லிங்கற பேருல எங்ககிட்ட ஜெயிச்ச ஆளே இல்ல."

தங்கள் பதிவேட்டின்படி அது சரியான பதில். அந்தப் பதிவேட்டை அப்படி ஆக்கியவள் நான்.

கேசினோவையும் கேட்டேன். இரண்டு ஆண்டு ஆகிவிட்டது, கணக்கு எங்கள் கையை விட்டுப் போய்விட்டது, அரசாங்கத்தைக் கேளுங்கள் என்றார்கள். ஆகவே தங்களைக் கேட்கிறேன்.

11. மற்ற இடங்களில் நானாகவே போய்ச் சொல்லிவிட்டேன் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். ஆகஸ்டு மாதம் எங்கள் மாவட்ட உதவித்தொகை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். கையிருப்பு வரம்பைத் தாண்டியிருந்த எட்டு மாத உதவியைத் திருப்பிக் கட்ட வேண்டி வரலாம் என்றார்கள். என் ஓய்வூதியத்தில் மாதாமாதம் பிடித்துக்கொள்ளச் சம்மதித்துள்ளேன். கென்டக்கிக்கும் மத்திய அரசுக்கும் திருத்தம் அனுப்பியுள்ளேன்.

ஊருக்கும் சொல்லிவிட்டேன். தீயணைப்பு நிலையத்தின் ஆண்டுக் கூட்டத்தில் எழுந்து நின்று, அந்த மீன் விருந்து நியோமாவுடையது என்றேன். சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அக்காவுடன் இருபது ஆண்டுகள் பக்கத்து இயந்திரத்தில் தைத்த இமோஜீன் என்பவர் மட்டும் பேசினார்: "அப்ப எங்களுக்குச் சோறு போட்டது நியோமாவா? தட்ட வச்சுக்கிட்டு அவ பக்கத்துலதானே நின்னேன். ஒரு நன்றி சொல்லலையே நான்."

தவறு அவருடையது அல்ல என்று மட்டும் சொன்னேன்.

12. திரு. ஹோப்ஸ் கேட்ட கேள்விக்கு இப்போது என்னால் முடிந்த பதிலை எழுதுகிறேன். போனவருக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. எனக்கும் மன்னிப்புக் கிடைக்காது, அதைத் தரக்கூடியவர் இல்லை. ஆனால் நடந்தது நடந்தபடி ஓர் இடத்திலாவது எழுதப்பட வேண்டும். அன்று அந்த ஊழியர் கேட்டது என் அக்காவைப் பார்த்து. பதில் சொல்ல அவர் மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பதிலைத்தான் தாமதமாக இந்த மனுவில் எழுதுகிறேன்.

ஆகையால் தங்களை வேண்டிக்கொள்வது:

அ) இணைக்கப்பட்ட காசோலையை நியோமா ஹர்லி செலுத்தும் வரியாக ஏற்க வேண்டும். வட்டியும் அபராதமும் என் தவறினால் வந்தவை. அவற்றைக் குறைக்க வேண்டாம்.

ஆ) 09.06.2022 அன்றைய தொகையை வென்றவர் நியோமா ஹர்லி என்று தங்கள் பதிவேட்டில் திருத்த வேண்டும். நான் பொய்க் கையெழுத்திட்டதற்கான வாக்குமூலம், அக்காவின் இறப்புச் சான்று, அன்று பக்கத்து இருக்கைகளில் இருந்த சங்க உறுப்பினர் இருவரின் கடிதங்கள் ஆகியவை இணைப்பில் உள்ளன. அந்தக் கையெழுத்துக்காக என்மேல் நடவடிக்கை எடுப்பதானால், அழைத்த நாளில் வந்து நிற்பேன்.

இ) திருத்தும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். மருத்துவமனைச் சீட்டிலும், தொழிற்சாலைச் சம்பள உறையிலும், இறுதிச் சடங்கு அறிவிப்பிலும்கூட அக்காவின் பெயரை நவோமி என்றே எழுதிவிட்டார்கள். அவரும் யாரையும் திருத்தியதில்லை. அவர் பெயர் நவோமி அல்ல. நியோமா. அருள்கூர்ந்து பிழையில்லாமல் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: கோல்டர்ஸ் லேண்டிங்
நாள்: 23.09.2024

இம்முறை தன் பொருட்டு மட்டும் கையெழுத்திடும்,
லவேடா ஸ்டாம்பர்
(காலஞ்சென்ற நியோமா ஹர்லியின் தங்கை)