ஒரே அடியில் உடைந்த கை

குர்யொங்போ
1999 அக்டோபர் 4

யங்ரானின் அம்மாவுக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், அடித்தவர்களுக்கு என்ன குறை? எழுத்து கோழி கிளறியது போல இருந்தால் திட்டாதே, இடது கையால் எழுதுகிறேன். வலது கையின் கதை உனக்கே தெரியும். தொலைபேசியில் என் குரலைக் கேட்டதும் உன் தம்பி டொக்கென்று வைத்துவிடுகிறான். அதனால்தான் தபால்.

நான் குடிக்கவில்லை. இதை எழுதத்தான் உட்கார்ந்தேன். நீ என் கையை உடைத்துவிட்டு மோக்போவில் உன் தம்பி வீட்டுக்கு ரயில் ஏறிய அன்றும் குடிக்கவில்லை, சத்தியம் செய்த நாளிலிருந்து ஒரு சொட்டும் இல்லை. சந்தையில் எல்லோருக்கும் நான் கேலிப்பொருள். "பொண்டாட்டி கைய ஒடிச்சிட்டாளாமே, எத்தனை பாட்டில் உள்ள போச்சு?" என்றான் ஒருவன். இடது கையால் அவன் மூக்கில் குத்தினேன். என் சட்டையெல்லாம் அவன் ரத்தம்.

எலும்பு சேரவே மாட்டேன் என்கிறது. நாய் கவ்விப் பிடித்தது போல வலி. தேகுவில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்கிறார்கள். கிம்ச்சி ஊறுகாய் ஜாடியை எங்கே வைத்தாய்?

தூசிக்


மோக்போ
அக்டோபர் 15

யங்ரானின் அப்பனுக்கு,

ஜாடி கொல்லையில் இருக்கிறது. தலையை உள்ளே விட்டுத் தேடு.

குடிக்கவில்லையாம். யாரிடம் சொல்கிறாய்? சந்தையிலிருந்து வந்து கதவைத் திறக்கிறேன், வெந்த நண்டு மாதிரி நிற்கிறாய், கழுத்து வரை சிவப்பு. நம் ஆட்களுக்கு ஒரு மடக்கு சோஜு உள்ளே போனாலே முகம் காட்டிக்கொடுத்துவிடும், சின்னக் குழந்தைக்கும் தெரியும். கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். திடீர் திடீரென்று சிவப்பு, ஓயாத வயிற்றுப்போக்கு. கேட்டால் "ஒண்ணுமில்ல, புழுக்கம்." வாயை முகர்ந்து பார்த்திருக்கலாமே என்பாய். நாளெல்லாம் மீன் குடலை உருவுகிறவள் மூக்குக்கு என்ன தெரியும்?

விரலைக் கிழித்துப் படுக்கையறைச் சுவரில் ரத்தத்தால் எழுதியது யார்? "குடித்தால் இந்தக் கையை உடை." என் முன்பல்லைப் பெயர்த்த மறுநாள் காலையில் எழுதினாய். நம் ஊர் ஆண்களுக்கு ரத்தத்தில் எழுதுவது பழக்கம். எந்தப் பெண்ணும் அதில் எழுதியபடி செய்ததில்லை. நான் செய்தேன். துணி தட்டும் கட்டையை எடுத்தேன், என்னை அடித்த அதே கையில், ஒரே அடி.

அந்தச் சத்தம் கேட்டதா உனக்கு? எனக்கு இன்னும் கேட்கிறது. இத்தனை வருஷம் வாங்கிய உதைக்கெல்லாம் அந்த ஒரு சத்தம் போதும். ரயிலில் அவித்த முட்டை வாங்கி உப்புத் தொட்டுத் தின்றேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

ஒக்பூன்


தேகு
நவம்பர் 2

யங்ரானின் அம்மாவுக்கு,

ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். கை எப்படி உடைந்தது என்று டாக்டர் கேட்டாள். சின்னப் பெண், நம் மகள் யங்ரான் வயதுதான் இருக்கும். படியில் விழுந்தேன் என்றேன்.

"ஐயா, விழுந்தீங்களோ, அடி வாங்குனீங்களோ, அது போலீஸ் பாடு. அந்த எலும்பு முன்னாடியே அரிச்சுப்போச்சு. கதவுல இடிச்சிருந்தாக்கூட ஒடிஞ்சிருக்கும்."

குடலில் ஒரு கட்டியாம். நரம்பும் சுரப்பியும் கலந்த ஏதோ ஒரு நீளமான பெயர். வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளர்ந்து, ஈரலுக்குப் போய், அங்கிருந்து எலும்புக்குப் போயிருக்கிறது. கையில், இடுப்பில், முதுகெலும்பில், விலாவில். படத்தில் காட்டினாள். எலும்பெல்லாம் பொட்டுப் பொட்டாக இருந்தது. அறுத்து எடுக்க வழியில்லை, வலியைத்தான் குறைக்கலாம் என்றாள். அந்தக் கட்டி எதையோ ரத்தத்தில் கக்குகிறதாம். அதனால்தான் முகம் சிவக்கிறது, வயிறும் போகிறது. கேட்டாயா? எனக்குத் தெரியாமல் எவனோ என் வயிற்றுக்குள் உட்கார்ந்து குடித்திருக்கிறான்.

நேற்று என் முகத்தைப் பார்த்துப் பக்கத்துக் கட்டில்காரன், "என்ன அண்ணே, இங்கேயும் சரக்கா?" என்றான். எழுந்து ஒரு குத்து விட்டேன். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் விலா ஒன்று உடைந்தது.

உன் தம்பியிடம் ஒரே அடியில் உடைத்தேன் என்று பீற்றிக்கொள்ளாதே. பாதி வேலையை வேறொருவன் முடித்து வைத்திருந்தான். நீ வர வேண்டாம். நான் குடிக்கவில்லை என்று நம்புவதாக ஒரு வரி எழுது. பயமாக இருக்கிறது ஒக்பூன். அந்த ஒரு வரி கிடைத்தால் போதும்.

தூசிக்


மோக்போ
நவம்பர் 11

யங்ரானின் அப்பனுக்கு,

எழுத மாட்டேன்.

முகத்தைச் சிவக்க வைக்கும் நோயாம், நல்ல கதை. அதுவே நிஜமாக இருந்தாலும் நீ எப்படிப்பட்ட மனிதன்? என் பல் போயிற்று, என் காது ஒரு பக்கம் கேட்காது, அதெல்லாம் உன் கைக்கணக்கு. என் கணக்கில் ஒரே ஓர் அடி. அதையும், "அது உன்னுடையது இல்லை, எலும்பு தானாக உடைந்தது" என்று பிடுங்கிக்கொள்கிறாய். நோயாளியை அடித்தவள் என்று என்னை ஊர் பேச வேண்டும், அதுதானே?

அதை நான் தர மாட்டேன். அது என் அடி.

ஒக்பூன்


தேகு
நவம்பர் 19

யங்ரானின் அம்மாவுக்கு,

சரி, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் குடித்தேன். கோடை முழுக்கக் குடித்தேன். துறைமுகத்தில் பல்லழகி நடத்துகிறாளே கூடாரச் சாராயக் கடை, அங்கேதான், தினமும். நீ அடித்தது நியாயம். சுவரில் எழுதியபடிதான் நடந்தது.

டாக்டரிடம் திரும்பக் கேட்டேன். கையில் இருந்தது நல்ல எலும்புதானாம், நோய் மற்ற இடங்களில்தான். உன் அடிதான் உடைத்திருக்கிறது. உனக்கு நல்ல கை. தம்பியிடம் தாராளமாகச் சொல்லிக்கொள்.

முதுகை நிமிர்த்த முடியவில்லை. படுத்தபடி எழுதுவதால் மை கீழே இறங்குகிறது. முட்டையை இன்னும் நிறையத் தின்.

தூசிக்


மோக்போ
நவம்பர் 27

யங்ரானின் அப்பாவுக்கு,

பல்லழகி போன குளிர்காலமே கடையை மூடிவிட்டு மகன் வீட்டுக்குப் போய்விட்டாள். குடிக்கிறவனுக்கெல்லாம் அது தெரியும். உங்களுக்குத்தான் தெரியவில்லை. குடிக்கவில்லை என்று ஆயிரம் பொய் சொல்லிச் சாதித்த மனிதர், குடித்தேன் என்று ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லத் துப்பில்லை.

நேற்று யங்ரான் ஆஸ்பத்திரியிலிருந்து தொலைபேசியில் பேசினாள். அவள் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே உங்கள் முகம் கழுத்து வரை சிவந்ததாம். "அம்மா, கிண்ணத்துல வெறும் பார்லிக் கஞ்சிதாம்மா இருந்துச்சு" என்று அழுதாள். நானும் அழுதேன். தம்பி கண்ணில் படாமல் கொல்லைப்பக்கம் போய், காலியாய்க் கிடந்த மீன் பெட்டியைக் காலால் உதைத்து நொறுக்கினேன்.

நீங்கள் குடிக்கவில்லை. நம்புகிறேன். நீங்கள் கேட்ட ஒரு வரி இதுதான், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதீர்கள். போன பல் போனதுதான். அந்த அடியையும் திருப்பித் தர மாட்டேன். குடித்ததற்கு இல்லையென்றால் பல்லுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை காலைப் பேருந்தில் வருகிறேன். அந்தக் கட்டையையும் துணியில் சுற்றி எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் இனிமேல் எவனையும் குத்த வேண்டாம், இருக்கிற எலும்பையாவது மிச்சம் வையுங்கள். பக்கத்துக் கட்டில்காரன் உங்கள் முகத்தைப் பார்த்து இன்னொரு தடவை அந்தக் கேள்வியைக் கேட்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒக்பூன்